பிரம்பும் சட்டமும்: சென்னைப் பள்ளிகளில் மாணவர் உரிமை வளர்ந்த பாதை

அபிராமபுரத்தில் ஒரே தெருவில் குடியிருக்கும் மூன்று பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை மாநகராட்சிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. இன்னொன்று சாந்தோம் பக்கத்தில் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளியில் அதே ஐந்தாம் வகுப்பு. மூன்றாவது, மயிலாப்பூரில் அரசு உதவி பெறும் பள்ளியில் பதினோராம் வகுப்பு. மூவரும் வகுப்பில் அடி வாங்கினார்கள் என்று வைத்துக்கொண்டால், கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு முதல் பிள்ளைக்கு மட்டும்தான் துணைக்கு வரும். இந்த நிலைக்கு நாம் எப்படி வந்து சேர்ந்தோம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

அடிக்காமல் பள்ளி நடத்தலாம் என்ற எண்ணம் அண்மைக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானது என்று ஆசிரியர்களில் பலர் இன்றும் நம்புகிறார்கள். எழும்பூரின் வரலாறு வேறு சொல்கிறது. 1789-இல் அங்கிருந்த ஆண் அனாதைப் பிள்ளைகள் காப்பகத்தின் பொறுப்பை ஏற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிகளைக் கூர்ந்து கவனித்தவர். மணலில் விரலால் எழுதிப் பழகுவதையும், சட்டாம்பிள்ளையை வைத்து மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருவதையும் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார். ஆனால் திண்ணையின் கோதண்டம், அண்ணாந்தாள் போன்ற தண்டனைகளை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. குற்றங்களை எழுதிவைக்க ஒரு கறுப்பு ஏடு வைத்தார். அதில் பெயர் ஏறிய பையனைச் சக மாணவர்களே நடுவர்களாக உட்கார்ந்து விசாரித்தார்கள். இந்த ஏற்பாட்டில் அடிக்கு வேலை மிகவும் குறைந்துவிட்டது என்பது அவர் வாதம். 1797-இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியாக இது ‘சென்னை முறை’ என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. தண்டிக்கும் முன் விசாரிக்க வேண்டும், அந்த விசாரணையில் மாணவனுக்கும் இடம் வேண்டும் என்ற கொள்கை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊரில் நடைமுறையில் இருந்திருக்கிறது. ஏட்டையும் நடுவர் குழுவையும் சென்னையே மறந்துபோனது வருத்தத்துக்குரியது.

சட்டம் வேறு திசையில் நடந்தது. 1860-இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் நகரில் தாமஸ் ஹாப்லி என்ற ஆசிரியர் அடித்ததில் ஒரு மாணவன் இறந்தான். ஹாப்லிக்கு நான்கு ஆண்டு கடுங்காவல் விதிக்கப்பட்டது. ஆனால் அதே வழக்கில்தான், மிதமான, நியாயமான அடி கொடுக்க ஆசிரியருக்கு உரிமை உண்டு, அது பெற்றோரிடமிருந்து வருவது என்ற விதியை நீதிபதி காக்பர்ன் நிறுவினார். அதே ஆண்டு அக்டோபரில் இந்திய தண்டனைச் சட்டம் நிறைவேறியது. அதன் 89-ஆம் பிரிவு, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காக, காப்பாளரின் சம்மதத்தோடு, நல்லெண்ணத்தில் செய்யும் செயல் குற்றமாகாது என்றது. பள்ளியில் சேர்த்ததே சம்மதத்துக்கு அடையாளம் என்று நீதிமன்றங்கள் பொருள் கொண்டன. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் காட்கே வழக்கு இதற்குத் தெளிவான சான்று. ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் தோலை உரியுங்கள்’ என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டுப் போன நம் தாத்தாக்கள், தெரியாமலேயே இந்தச் சட்டத்தைத்தான் வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தமிழ்நாட்டில் பள்ளி அடியை ஒழுங்குபடுத்தியது கல்வி விதிகளின் 51-ஆம் விதி. வேண்டுமென்றே பொய் சொல்வது, ஆபாசமான பேச்சு அல்லது செயல், வெளிப்படையான கீழ்ப்படியாமை ஆகியவற்றுக்கு மட்டுமே அடி என்றது அது. உள்ளங்கையில் ஆறு அடிக்கு மேல் கூடாது. அதையும் தலைமையாசிரியர் தாமே கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் மேற்பார்வையில் கொடுக்க வேண்டும். வீட்டுப்பாடம் எழுதாதவனை அடிக்க இந்த விதியில் இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் வகுப்பறைகளில் விழுந்த அடிகளில் பெரும்பகுதி, அடியை அனுமதித்த விதியின்படியே கூட விதிமீறல்தான்.

அடியைத் தாண்டி, மாணவனின் மனச்சாட்சிக்கும் உரிமை உண்டு என்று காட்டிய வழக்கு கேரளத்தில் எழுந்தது. 1985 ஜூலையில் தேசிய கீதம் பாட மறுத்த மூன்று பிள்ளைகளைத் தலைமையாசிரியை பள்ளியை விட்டு நீக்கினார். அந்தப் பிள்ளைகள் மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை, அவ்வளவுதான். கல்வி அதிகாரியின் அறிவுறுத்தலை அந்த அம்மையார் நிறைவேற்றியிருந்தார். 1986 ஆகஸ்டில் பிஜோ இமானுவேல் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் நீக்கத்தை ரத்து செய்தது. சட்ட வலு இல்லாத துறைச் சுற்றறிக்கை ஒரு குழந்தையின் அடிப்படை உரிமையைப் பறிக்க முடியாது என்றது. ‘மேலிடத்து உத்தரவு’ என்ற சொல்லுக்கு நீதிமன்றத்தில் என்ன மதிப்பு என்பதை ஒவ்வொரு தலைமையாசிரியரும் இந்த வழக்கிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

2000 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அங்கிருந்த அடி விதியைச் செல்லாது என்று தள்ளியது. 2003-இல் தமிழ்நாடு 51-ஆம் விதியைத் திருத்தி, திருத்துகிறேன் என்ற பெயரில் உடலுக்கோ மனதுக்கோ வலி கொடுப்பதைத் தடை செய்தது. நாடு முழுமைக்குமான கல்வி உரிமைச் சட்டம் வருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே எடுத்த முடிவு இது.

அடுத்த ஆண்டே கும்பகோணம். 2004 ஜூலை 16 அன்று, அங்கிருந்த ஒரு பள்ளியின் சமையற்கட்டுத் தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் கருகினார்கள். பள்ளி நிர்வாகம் என்பதன் சட்டப் பொருள் அன்றைக்கு மாறியது. 2014-இல் தஞ்சை நீதிமன்றம் தண்டித்த பத்துப் பேரில் பள்ளி நிறுவனரோடு தலைமையாசிரியையும், சத்துணவுப் பணியாளர்களும், கல்வித் துறையினரும் இருந்தார்கள். 2017-இல் உயர் நீதிமன்றம் தண்டனைகளைப் பெரிதும் குறைத்தது என்றாலும், பாதுகாப்பில்லாத கூரையும் படிக்கட்டும் குற்ற வழக்காகும் என்பது நிலைத்துவிட்டது. இந்தத் தீயையொட்டி எழுந்த அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், பாதுகாப்பான கட்டடம் கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

2010 ஏப்ரல் 1 முதல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 17-ஆம் பிரிவு அடியையும் மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. ஆனால் மீறுபவருக்குத் துறை நடவடிக்கைதான், சிறை இல்லை. ஆறு முதல் பதினான்கு வயது வரையே அது செல்லும் என்பதால் நம் பதினோராம் வகுப்புப் பிள்ளை வெளியே நிற்கிறது. 2014 மே மாதம் பிரமதி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்றது. அந்தச் சட்டத்தின் சேர்க்கை ஒதுக்கீட்டைப் பற்றிய சண்டையில் 17-ஆம் பிரிவும் சேர்ந்தே போயிற்று. சிறுபான்மை நிர்வாகத்தின் தனித்தன்மைக்கும் ஒரு குழந்தையை அடிக்காமல் இருப்பதற்கும் என்ன முரண்பாடு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வே அந்தத் தீர்ப்பில் ஐயம் எழுப்பி, பெரிய அமர்வு ஆராய வேண்டும் என்று அனுப்பியிருக்கிறது.

மூன்று பிள்ளைகளையும் ஒன்றுபோல் காக்கும் சட்டங்கள் வேறு இரண்டு. ஒன்று, 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு. தன் பொறுப்பிலுள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை. மற்றது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும். தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தைச் சொல்லாமல் விட்ட நிறுவனத் தலைவருக்கு 21-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. ‘பள்ளியின் பெயர் கெட்டுவிடும், உள்ளேயே பேசி முடிப்போம்’ என்று தாளாளர் அறையில் எடுக்கும் முடிவே இன்று ஒரு தனிக் குற்றம்.

ஆசிரியர் தரப்பின் அச்சமும் உண்மையானது. 2012 பிப்ரவரியில் பாரிமுனைப் பகுதிப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் வகுப்பிலேயே ஆசிரியையைக் கொன்றான். பிரம்பைக் கீழே வைக்கச் சொன்ன அரசு, அதற்குப் பதிலாகப் பள்ளிதோறும் ஆற்றுப்படுத்துநரை வைத்திருக்க வேண்டும். நெரிசலான வகுப்பில் தனியாக நிற்கும் ஆசிரியருக்குச் சுற்றறிக்கையால் மட்டும் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டி அடியை மீண்டும் கேட்பதை ஏற்க முடியாது. பழைய 89-ஆம் பிரிவு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. 2024 ஜூலை 1-இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 27-ஆம் பிரிவாக இடம்பெற்றிருக்கிறது. அடித்தவரைக் காக்கும் வாதத்துக்கு அது எப்போது வேண்டுமானாலும் பயன்படும். அடிக்கு அது பொருந்தாது என்று நாடாளுமன்றம் ஒரு விளக்கம் சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை.

2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ்.எம். சுப்ரமணியம், குழந்தைகள் உரிமை தேசிய ஆணையத்தின் நெறிமுறைகளைத் தமிழகப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்த உத்தரவிட்டார். அதன்படி ஒவ்வொரு பள்ளியிலும் கண்காணிப்புக் குழு அமைய வேண்டும். தலைமையாசிரியர், ஆசிரியர்கள், பெற்றோர், மூத்த மாணவர்கள் அதில் இருப்பார்கள். எழும்பூரில் பெல் உட்காரவைத்த மாணவ நடுவர்களுக்குச் சட்டம் இப்போதுதான் ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. அபிராமபுரத்திலும் மந்தைவெளியிலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பேசி முடித்தபின் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்தப் பள்ளியில் அந்தக் குழு இருக்கிறதா, அதில் மாணவர் யார் யார், கடைசியாக எப்போது கூடியது? பதிலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.