மழலையர் பள்ளியின் வாயில்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம் முன்னோர் கேட்டனர். இக்காலத்துப் பெற்றோருக்கு அந்த ஐந்து வயதுவரை காத்திருக்கவும் மனம் வருவதில்லை. மூன்றரை வயதிலேயே குழந்தையை ஒரு பெயர்பெற்ற பள்ளியில் சேர்த்துவிட வேண்டும்; அது தவறினால் அதன் வாழ்வே தவறிவிடும் என்று அஞ்சுகின்றனர். இந்த அச்சம் நம் நாட்டில் பழைமையானதா, புதியதா? குழந்தைகளுக்கென்று பள்ளி கண்டவர்கள் அதன் வாயிலில் இப்படி ஒரு காவலை வைத்தார்களா? சரித்திரத்தின் துணைகொண்டு இதனைச் சிறிது ஆராய்ந்து பார்ப்போம்.

நான் வாழும் ஊர் அனகாபுத்தூர். அடையாற்றின் கரையில் அமைந்த நெசவாளர் ஊர். இங்கு நெய்த கட்டம்போட்ட துணி, மதராஸ் கைக்குட்டை என்னும் பெயரால் ஒருகாலத்தில் நைஜீரியா வரை சென்றது. தறி ஓசை குறைந்து, வீடுகள் பெருகி, 2021ஆம் ஆண்டில் எங்கள் ஊர் தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதியாயிற்று. நகரம் வந்தபொழுது நகரத்தின் கவலைகளும் உடன் வந்தன.

என் பேத்திக்கு மூன்றரை வயது நிரம்பியபொழுது, என் மகன் ஒரு தனியார் பள்ளியின் விண்ணப்பத் தாளுக்காக விடியற்காலையிலேயே வரிசையில் நின்றான். பின்னர் ஒரு நாள் குழந்தையையும் பெற்றோரையும் வரச் சொன்னார்கள். துணைக்கு நானும் போனேன். தாயின் படிப்பு என்ன, தந்தையின் ஊதியம் என்ன, வீட்டில் பேசும் மொழி எது என்று முதலில் வினவினார்கள். பிறகு ஒரு படத்தைக் காட்டி, இந்தப் பழத்தின் நிறம் என்ன என்று ஆங்கிலத்தில் குழந்தையைக் கேட்டார்கள். அவள் படத்தைப் பார்க்கவில்லை. சன்னல் கம்பியில் ஓர் அணில் ஓடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாரம் கழித்து, இடமில்லை என்ற விடை வந்தது.

அன்றிரவு மகன் என்னிடம், "அப்பா, நீங்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராக இருந்தவர். உங்களுக்குத் தெரிந்தவர்கள் எவ்வளவோ பேர். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றான். நான் உடனே விடை கூறவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நான் பள்ளியில் சேர்ந்தது 1960களின் நடுவில். அக்காலத்தில் பல வீடுகளில் பிறப்புச் சான்று என்பதே கிடையாது. தலைமையாசிரியர் என்னை அருகழைத்து, "வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொடு" என்றார். விரல் காதில் பட்டது. "சேர்த்துக்கொள்ளலாம்" என்றார். பிறந்த நாளையும் அவரே குறித்துக்கொண்டார். என் வயதினர் பலருக்கு ஏட்டில் ஒரு பிறந்த நாளும் வீட்டில் ஒரு பிறந்த நாளும் இருப்பது இதனால்தான். அன்றைய நுழைவுத் தேர்வு இவ்வளவே. கை எட்டாத குழந்தையும் தோற்றதாக ஆகாது. இன்னும் ஓராண்டு விளையாடலாம் என்பதே அதன் பொருள்.

இன்னும் பின்னோக்கிச் செல்வோம். சென்னை மாகாணத்தின் ஆளுநராயிருந்த தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டில், மாகாணமெங்கும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு ஆணையிட்டார். 1826ஆம் ஆண்டில் அவர் எழுதிய குறிப்பின்படி 1,28,50,941 மக்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்தன; அவற்றில் 1,88,650 மாணவர் பயின்றனர். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்று கொள்ளலாம். பல்லாரி மாவட்டத்துக் கலெக்டர் கேம்பெல் என்பவர் 1823ஆம் ஆண்டில் அனுப்பிய அறிக்கை சுவையானது. குழந்தைக்கு ஐந்து வயதாகும்பொழுது நல்ல நாள் பார்த்துக் கல்வி தொடங்குவார்களாம். காலையில் முதலில் வந்து சேரும் பிள்ளையின் உள்ளங்கையில் கலைமகளின் பெயரை எழுதுவது பெருமைக்குரிய பரிசாம். முந்தி வருவதில் போட்டி இருந்தது. ஆனால் அந்தப் போட்டி, பள்ளிக்குள் வந்துவிட்ட பிள்ளைகளுக்கு இடையே நிகழ்ந்த விளையாட்டு.

நம் திண்ணைப் பள்ளிகளில் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகினர். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பித்தான். சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் அனாதைச் சிறுவர்களுக்கென நடந்த விடுதியின் பொறுப்பை 1789ஆம் ஆண்டில் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் இம்முறையைக் கண்டு வியந்தார். தம் விடுதியிலும் அதைக் கையாண்டு, 1797ஆம் ஆண்டில் இலண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது மதராஸ் முறை என்றே பெயர் பெற்றது. அனாதைகளுக்கும் ஏழைகளுக்கும் எழுத்தறிவு தர ஓர் எளிய வழியைத் தமிழ்நாட்டின் மணல் உலகுக்கு அளித்தது என்று நாம் பெருமை கொள்ளலாம்.

ஆனால் சரித்திரம் படிப்பவர் பெருமையை மட்டும் பொறுக்கி எடுத்தல் ஆகாது. அந்தத் திண்ணைகளுக்கும் ஒரு வாயில் இருந்தது. பெண் குழந்தைகள் அதனுள் மிக அரிதாகவே நுழைந்தனர். தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் அடைத்தே கிடந்தது. அவர்களிடம் கேள்வி கேட்டுத் தள்ளவில்லை, கேளாமலே தள்ளினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கென்று 1894ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட் அடையாற்றில் ஓர் இலவசப் பள்ளி தொடங்கினார். ஆகவே, குழந்தையை வாயிலில் நிறுத்தும் வழக்கம் நமக்கு முற்றிலும் புதியதன்று. பழைய வாயில் பிறப்பைக் கேட்டது. இன்றைய வாயில் தந்தையின் ஊதியத்தையும் தாயின் ஆங்கிலத்தையும் கேட்கிறது.

இனி, மழலையர் பள்ளி என்பதைக் கண்டவர்களை நோக்குவோம். எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று நாம் நாள்தோறும் சொல்கிறோமே, அவற்றிலுள்ள கே.ஜி. என்பது கிண்டர்கார்டன் என்னும் ஜெர்மானியச் சொல்லின் சுருக்கம். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். பிரடெரிக் புரோபெல் என்னும் ஆசிரியர் 1837ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் இளங்குழந்தைகளுக்காக ஒரு கூடம் அமைத்து, 1840ஆம் ஆண்டில் அதற்கு இப்பெயரைச் சூட்டினார். பந்து, கட்டை, பாட்டு, செடி வளர்த்தல் ஆகியவையே அங்குப் பாடங்கள். இந்தத் தோட்டங்களைக் கண்டு பிரஷ்ய அரசு அஞ்சி, 1851ஆம் ஆண்டில் தடை விதித்தது. மறு ஆண்டே புரோபெல் காலமானார். 1860இல்தான் தடை நீங்கிற்று.

பின்னர் இத்தாலியில் மரியா மாண்டிசோரி அம்மையார் தோன்றினார். ரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில், 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் அவருடைய முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. தாய் தந்தையர் கூலி வேலைக்குப் போனபின் பிள்ளைகள் படிக்கட்டிலும் சுவரிலும் குறும்பு செய்கிறார்கள் என்று வீட்டுக்குரிய நிறுவனத்தார் கவலைப்பட்டனர். அதற்காக ஒதுக்கிய அறையே அந்த இல்லம். யாரும் வேண்டாத குழந்தைகளைக்கொண்டு தொடங்கியதே உலகப் புகழ்பெற்ற மாண்டிசோரி முறை. இன்று அப்பெயரைத் தாங்கும் பள்ளிகள் பலவற்றில் அத்தகைய குழந்தை விண்ணப்பத் தாளின் விலையைக்கூடக் கொடுக்க இயலாது.

அந்த அம்மையார் நம் ஊருக்கும் வந்தார். 1939ஆம் ஆண்டு இறுதியில், தம் 69ஆம் வயதில், அருண்டேல் அவர்களின் அழைப்பின் பேரில் சென்னை அடையாற்றில் உள்ள பிரம்மஞான சபைக்கு வந்து, சுமார் 300 ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசு அவரைப் பகை நாட்டவராகக் கருதி அச்சபையின் தோட்டத்துக்குள்ளேயே இருக்கச் செய்தது. மகன் மரியோவைக் காவலில் வைத்தது. அம்மையாரின் 70ஆம் பிறந்த நாளையொட்டி மகன் விடுவிக்கப்பட்டார். 1946 வரை அவர்கள் இந்தியாவிலேயே தங்கினர். இடையில் கொடைக்கானலிலும் ஒரு பள்ளி நடத்தினர். எங்கள் ஊரைத் தொட்டு ஓடும் அடையாறு, அந்தத் தோட்டத்தின் ஓரமாகத்தான் கடலில் கலக்கிறது. சொரசொரப்பான தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டி, குழந்தையின் விரல் அவற்றைத் தடவிப் பழகச் செய்வது அம்மையாரின் முறை. மணலில் எழுதிய நம் திண்ணைப் பிள்ளைகளை அது எனக்கு நினைவூட்டுகிறது.

மாண்டிசோரியின் கருத்தை ஏழைகளின் முற்றத்துக்குக் கொண்டுசென்றவர் தாராபாய் மோடக் என்னும் மராட்டியப் பெண்மணி. பள்ளிக்கு வரமுடியாத குழந்தைகளைத் தேடி, அவர்கள் வீட்டு முற்றத்திலேயே பள்ளி நடத்தினார். அங்கன் என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற சொல் அதிலிருந்து பிறந்தது. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் மத்திய அரசு தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தால் அச்சொல் நாடெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்கும் உணவளித்தது. 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பெற்றன.

அப்படியாயின் இன்றைய நெருக்கடி எவ்வாறு விளைந்தது? ஆங்கிலம் அறிந்தவனுக்கே வேலை என்ற எண்ணம் பெருகிற்று. பல்கலைக்கழகங்களின் கீழ் இருந்த மெட்ரிகுலேஷன் பள்ளிகள் 1978இல் மாநில அரசின் விதிகளுக்குள் வந்து, பின்னர் எண்ணிக்கையில் பன்மடங்காயின. பல்லாவரம், பம்மல், தாம்பரம் முதலிய புறநகர்களில் புதிதாகக் குடியேறிய குடும்பங்கள் அவற்றை நாடின. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கணக்கு உண்டு. பல தனியார் பள்ளிகளில் எல்.கே.ஜி.யில் சேர்ந்த பிள்ளையே பன்னிரண்டாம் வகுப்புவரை தொடர்வதால், இடையில் காலியிடம் அரிது. பதினான்கு ஆண்டுகளுக்கான இடத்தை மூன்றரை வயதில் பிடித்தாக வேண்டியிருக்கிறது. இரயிலில் முதல் நிலையத்திலேயே எல்லா இடமும் நிரம்பிவிடுமானால், மக்கள் அங்கேயே முண்டியடிப்பது வியப்பன்று. பெற்றோரைப் பேராசைக்காரர் என்று ஏசுவதற்குமுன் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டமும் இந்த வாயிலைக் கண்டது. 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரி குழு, ஒரு வட்டாரத்துப் பிள்ளைகள் அனைவரும் வேற்றுமையின்றி அவ்வட்டாரத்துப் பள்ளியிலேயே பயில வேண்டும் என்று கூறிற்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ தேர்வுக்கு உட்படுத்தக் கூடாது என்று விதித்தது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம். அதன்பின் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை. இடத்துக்கு மேல் விண்ணப்பங்கள் வந்தால் குலுக்கல் முறையில் எடுப்பதை அச்சட்டம் ஏற்கிறது. தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கவும் அது வகை செய்தது. ஆனால் அது 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஏற்பட்ட சட்டம். 25 விழுக்காட்டு இடங்கள் நீங்கலாக, மழலையர் வகுப்புச் சேர்க்கைக்கு அது பொருந்தாது என்று 2013இல் தில்லி உயர் நீதிமன்றம் கூறியது. அவ்வகுப்புகளுக்கும் அதனை விரிவாக்குவது பற்றி அரசு சிந்திக்கும் காலம் வந்துவிட்டது என்றும் நீதிபதிகள் சுட்டினர். ஆறு வயதுப் பிள்ளைக்குக் கிடைத்த காப்பு மூன்று வயதுப் பிள்ளைக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை.

இப்பொழுது, மகனுக்கு நான் விடை சொல்லாத காரணத்துக்கு வருகிறேன். நான் தலைமையாசிரியராக இருந்த தொடக்க ஆண்டுகளில், முதல் வகுப்புக்கு இடத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் வந்தனர். ஆசிரியப் பயிற்சியில் புரோபெலைப் பற்றியும் மாண்டிசோரியைப் பற்றியும் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். ஆயினும், ஒன்று முதல் பத்து வரை சொல்லு என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டேன். நெசவாளர் ஒருவரின் மகன் வாய் திறக்கவில்லை. "வீட்டிலே தறி இழையை எண்ணிக்கிட்டே இருப்பான் சார். இங்கே ஏனோ பேசமாட்டேங்கிறான்" என்றார் தந்தை. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். அடுத்த ஆண்டு அவர்கள் வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை. என் பேத்தி அணிலைப் பார்த்து நின்ற அன்று, அந்தச் சிறுவன் தந்தையின் வேட்டியைப் பற்றிக்கொண்டு நின்ற நிலை என் கண்முன் வந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லி என் பேத்திக்கு இடம் வாங்கியிருந்தால், சொல்வதற்கு ஆள் இல்லாத இன்னொரு குழந்தை வாயிலுக்கு வெளியே நின்றிருக்கும்.

இதையெல்லாம் மகனிடம் சொன்னேன். அவன் முழுமையாக உடன்பட்டான் என்று சொல்லமாட்டேன். பன்னிரண்டாம் வகுப்பில் இது நினைவுக்கு வரும் அப்பா என்றான். அவன் அச்சம் பொய்யன்று. ஆயினும் பேத்தியை, நடந்தே போகக்கூடிய தொலைவில் உள்ள ஒரு சிறு பள்ளியில் சேர்த்தோம். சேர்ப்பதற்குமுன் கேள்விகளை நாங்கள் கேட்டோம். கூரை எத்தகையது, வெளியேறும் வழிகள் எத்தனை, குடிநீரும் கழிப்பிடமும் எங்கே, ஓர் ஆசிரியைக்கு எத்தனை குழந்தைகள், விளையாட எவ்வளவு நேரம் என்று கேட்டோம். 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளிக் கட்டடத்தில் தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டதை மறவாத எவரும் இக்கேள்விகளை விட்டுவிட மாட்டார்கள்.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை ஆசிரியராவீர்கள், பலர் பெற்றோராவீர்கள். ஒரு பள்ளியின் வாயிலில் மூன்று வயதுக் குழந்தையோடு நிற்கும் நாள் உங்களுக்கும் வரும். நீங்கள் மேசைக்கு எந்தப் பக்கம் அமர்ந்திருந்தாலும், தோட்டம் என்னும் பெயரை அதற்குச் சூட்டிய ஆசிரியரையும், சான் லொரென்சோவின் படிக்கட்டுகளில் விளையாடிய பிள்ளைகளையும் அன்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். என் பேத்தி இப்பொழுது மாலையில் வந்து, பள்ளியில் கண்டவற்றை எங்களுக்குச் சொல்கிறாள். அங்கும் ஓர் அணில் இருக்கிறதாம். அதற்கு அவள் ஒரு பெயர் வைத்திருக்கிறாள். வீட்டில் எங்களுக்கு இன்னும் சொல்லவில்லை.