அப்பாவுக்கு ஒரு வரிசை, அம்மாவுக்கு ஒரு வரிசை

சென்னை விமான நிலையத்தில் இறங்கினால் எங்கள் குடும்பம் இரண்டாகப் பிரியும். அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் அப்பாவும் நானும் வெளிநாட்டவர் வரிசையில். இந்தியப் பாஸ்போர்ட்டோடு அம்மா இந்தியர் வரிசையில். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. அதனால் அப்பா இங்கே உறுதிமொழி எடுத்ததும் பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டியிருந்தது. அம்மா இன்னும் கிரீன் கார்டில்தான் இருக்கிறார்.

"அப்பா வாங்கினப்பவே நீங்களும் வாங்கியிருக்கலாமே அம்மா?" என்று ஒரு நாள் கேட்டேன். "அவர் வாங்கினா நான் ஏன்டா வாங்கணும்?" என்றார்.

நூறு வருடம் முன்னால் அம்மாவால் இப்படிக் கேட்டிருக்கவே முடியாது. அதை நான் பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

1855-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. கணவன் குடியுரிமை பெற்றால், தகுதியுள்ள மனைவிக்கும் அது தானாகவே வந்துவிடும். விண்ணப்பம் இல்லை, தேர்வு இல்லை, யாரும் அவளைக் கேட்கவும் மாட்டார்கள். கேட்க வசதியாகத்தான் இருக்கிறது, இல்லையா? 1907-ல் இதன் மறுபக்கம் வந்தது. வெளிநாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண், கணவனின் நாட்டவளாகக் கருதப்பட்டாள்.

சான் பிரான்சிஸ்கோவில் எத்தல் மெக்கன்சி என்று ஒருவர். அமெரிக்காவிலேயே பிறந்தவர், கணவர் பிரிட்டிஷ் பிரஜை. 1911-ல் கலிபோர்னியாவில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. அதற்காகப் பாடுபட்டவர்களில் எத்தலும் ஒருவர். வாக்காளராகப் பதியப் போனபோது, "நீங்கள் அமெரிக்கர் இல்லை" என்று திருப்பி அனுப்பினார்கள். கணவர் குடியுரிமை வாங்கியிருந்தால் இவருடையதும் திரும்பக் கிடைத்திருக்கும். எத்தல் வழக்குப் போட்டார். வெளிநாட்டவரை மணந்தது அவராக எடுத்த முடிவுதான் என்று சொல்லி, 1915-ல் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது.

1922-ல் வந்த கேபிள் சட்டம் மனைவியின் குடியுரிமையைக் கணவனிடமிருந்து பிரித்தது. ஆனால் முழுதாகப் பிரிக்கவில்லை. இந்தச் சட்டத்தில் எனக்குக் கோபம் வருவது இங்கேதான். குடியுரிமை பெறவே தகுதியில்லாதவன் என்று சட்டம் ஒதுக்கிய ஒருவனை மணந்தால் அவள் தன் குடியுரிமையை இழப்பாள். ஒதுக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆசியர்கள். மறு வருடமே, பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியர்களும் அந்தப் பட்டியலில் சேர்ந்தார்கள். ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறிக்க அரசு ஒவ்வொருவர்மீதும் வழக்குத் தொடுத்தது.

அப்படி மாட்டியவர்களில் சகாராம் கணேஷ் பண்டிட்டும் ஒருவர். திண்டுக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவர் இவர், 1914-லேயே குடிமகனானவர். மனைவி லில்லியன் அமெரிக்கர். பண்டிட் தனக்காக மட்டும் வாதாடவில்லை. என் குடியுரிமை போனால் என் மனைவியுடையதும் போகும், அவள் பெயரில் உள்ள நிலமும் ஆபத்தில் மாட்டும் என்றார். 1914-லேயே எதிர்ப்புத் தெரிவித்துத் தோற்ற விஷயத்தை அரசு மறுபடி கிளற முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1927-ல் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. மீதமிருந்த வழக்குகளை அரசு கைவிட்டது. ஒரு வக்கீலை வம்புக்கு இழுத்தால் இப்படித்தான்!

ஆசியர்களை மணந்த பெண்கள்மீதான அந்த விதி 1931-ல் போனது. இந்தியர்கள் குடியுரிமை பெற 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று குடிமகனின் மனைவிக்கோ கணவனுக்கோ சட்டம் தருவது ஒரு சலுகைதான்: சேர்ந்து வாழ்ந்தால், கிரீன் கார்டு கிடைத்து ஐந்துக்குப் பதில் மூன்று வருடத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிப்பதும் விடுவதும் அவரவர் விருப்பம்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். எத்தல் கதையில் மட்டும், "அப்புறம் அவ ஓட்டுப் போட்டாளா இல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டார். போன வாரம் வீட்டுக்குப் போனபோது விண்ணப்பப் படிவம் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. பெயர் மட்டும் எழுதியிருந்தார். பக்கத்திலேயே அவருடைய இந்தியப் பாஸ்போர்ட்டும் இருந்தது.