சாம்பியா: ஊரக வறுமையும் வேளாண் வளமும்

ஆப்பிரிக்காவின் தென்நடுப் பகுதியில் உள்ள, கடற்கரை இல்லாத நாடு சாம்பியா. பரப்பு சுமார் 7.5 லட்சம் சதுர கிலோமீட்டர். சாம்பசி, கஃபுவே, லுவாங்வா ஆறுகளும் பங்வேவுலு ஏரியும் இருந்தும், பயிரிடத்தக்க நிலத்தில் சிறு பகுதியே உழப்படுகிறது. 2022 கணக்கெடுப்பின்படி ஊரக மக்களில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் வறியவர்கள். நகரங்களில் இது 32.

இந்த முரணின் வேர் குடியேற்றக் காலத்தில் இருக்கிறது. செம்புச் சுரங்கங்களுக்காக இடப்பட்ட ரயில் பாதையை ஒட்டிய நல்ல நிலங்கள் வெள்ளையருக்குப் போயின. உள்ளூர் மக்கள் ஒதுக்கிடங்களுக்கு நகர்த்தப்பட்டனர். 1964இல் விடுதலை கிடைத்த பிறகும் அரசின் வருவாய் செம்பையே நம்பியிருந்தது. ரயில் பாதைக்கு அப்பாலுள்ள உழவருக்கு இன்றும் சந்தை தொலைவுதான்.

அன்றாட உணவு ‘ன்ஷிமா’. நம் களிக்கு ஒன்றுவிட்ட உறவு எனலாம். மக்காச்சோள மாவில் கிண்டுவது. இந்தப் பழக்கமே கொள்கையாகவும் ஆயிற்று. உர மானியமும் அரசுக் கொள்முதலும் பெரும்பாலும் மக்காச்சோளத்தையே சுற்றிவந்தன. வறட்சியைத் தாங்கும் மரவள்ளி, சோளம், கம்பு ஆகியவை பின்தங்கின. மானிய உரம் விதைப்பு முடிந்த பிறகு வந்த ஆண்டுகளும் உண்டு.

சிறு உழவர்களின் சாகுபடி பெரும்பாலும் மானாவாரி. மழை நவம்பர் முதல் ஏப்ரல் வரை மட்டுமே. அது பொய்த்ததால் 2024 பிப்ரவரியில் வறட்சி தேசியப் பேரிடராக அறிவிக்கப்பட்டது. அதே நாட்டின் முக்குஷி வட்டாரத்தில் பெரும்பண்ணைகள் பாசன நீரில் கோதுமை விளைவிக்கின்றன.