பெண்களில் எலும்புப்புரை

எலும்பின் அடர்த்தி குறைந்து, அதன் உட்கட்டமைப்பு சிதைந்து, சிறிய அடிக்கே முறிந்துவிடும் அளவுக்கு எலும்பு வலுவிழப்பதே எலும்புப்புரை. மருத்துவர்கள் இதை ஆஸ்டியோபோரோசிஸ் என்பர். ஆண்களுக்கும் வரும் என்றாலும் மாதவிடாய் நின்ற பெண்களையே அதிகம் தாக்குகிறது. உலக அளவில் 50 வயதைக் கடந்த பெண்களில் மூவரில் ஒருவருக்கும், ஆண்களில் ஐவரில் ஒருவருக்கும் இந்நோயால் எலும்பு முறிவு ஏற்படும் என்பது பன்னாட்டு எலும்புப்புரை அறக்கட்டளையின் மதிப்பீடு.

எலும்பு முறியும்வரை இந்நோய் வலிப்பதில்லை. மாடிப்படி ஏறும்போது முழங்காலைப் படுத்தும் வலி மூட்டுத் தேய்மானத்தின் அறிகுறி. அது வேறு நோய். முழங்கால் வலிக்காகப் பல ஆண்டுகள் மருத்துவம் பார்த்துவரும் பெண்ணுக்கு எலும்புப்புரை இல்லாமல் இருக்கலாம். எந்த வலியும் இல்லாமல் வீட்டு வேலை முழுவதையும் செய்துவரும் அவர் தங்கைக்கு அது முற்றியிருக்கலாம். எனவே பெரும்பாலோருக்கு முதல் அறிகுறியே ஒரு முறிவுதான். குளியலறையில் வழுக்கிக் கையூன்றியதில் மணிக்கட்டு உடைகிறது, மாவுக்கட்டு போடுகிறார்கள், ஆறு வாரத்தில் கட்டைப் பிரித்ததும் எல்லாரும் அதை மறந்துவிடுகிறார்கள். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்தது ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த முறிவைத் தடுக்கக் கிடைக்கும் மிகச் சிறந்த வாய்ப்பு அங்கேதான் கைநழுவுகிறது.

எலும்பு இழப்பு

எலும்பு உயிருள்ள திசு. பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும் புதிய எலும்பைக் கட்டும் செல்களும் அதில் ஓயாமல் வேலை செய்கின்றன. ஏறத்தாழ 30 வயதுவரை கட்டுமானம் முந்துகிறது. பிறகு சில காலம் இரண்டும் சமமாக ஓடுகின்றன. கரைக்கும் செல்களைக் கட்டுக்குள் வைத்திருப்பது, சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன். மாதவிடாய் நிற்கும்போது அந்தச் சுரப்பு குறைய, கரைப்பு கட்டுமானத்தை மிஞ்சுகிறது. அடுத்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் எலும்பு அடர்த்தியில் 20 விழுக்காடுவரை போய்விடக்கூடும். மாதவிடாய் நிற்றலுக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவை 1940களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டியவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட்.

மேலை நாடுகளில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது சுமார் 51. இந்தியப் பெண்களுக்கு அது 46, 47 வயதிலேயே நேர்கிறது. அந்த அளவுக்கு எலும்பு இழப்பும் முன்னதாகத் தொடங்கிவிடுகிறது. அறுவை மூலம் சூலகங்களை அகற்றினால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் நின்றுபோகிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலருக்கு இளவயதிலேயே கருப்பை அகற்றப்பட்டிருந்தது 2019இல் பெரும் விவாதமாயிற்று. கருப்பையை மட்டும் எடுத்துச் சூலகங்களை விட்டுவைத்தாலும் அவை வழக்கத்தைவிட முன்னதாகச் செயலிழக்கும் வாய்ப்பு உண்டு. வெள்ளைப்படுதலுக்கும் மாதவிடாய்த் தொல்லைக்கும் அவசரப்பட்டுக் கருப்பையை எடுத்துவிடச் சொல்லும்போது, 20 ஆண்டு கழித்து எலும்புக்கு என்ன ஆகும் என்பதையும் அந்தப் பெண்ணிடம் சொல்லியாக வேண்டும்.

பிள்ளை பெற்றுப் பாலூட்டியதால்தான் எலும்பு போயிற்று என்று பல தாய்மார்கள் நம்புகிறார்கள். பாலூட்டும் மாதங்களில் அடர்த்தி சற்றுக் குறைவது உண்மையே. ஆனால் தாய்ப்பாலை நிறுத்திய பிறகு பெரும்பாலும் அது மீண்டுவிடுகிறது. அதற்கு அஞ்சிப் பாலூட்டுவதைக் குறைக்க வேண்டியதில்லை.

தாய்க்கோ தந்தைக்கோ இடுப்பு முறிந்திருத்தல், மிக ஒல்லியான உடல், புகையிலை, மது, முடக்குவாதம், அதிகத் தைராய்டு சுரப்பு ஆகியவை இடரைக் கூட்டுகின்றன. இவற்றோடு தனியாக எச்சரிக்க வேண்டியது ஸ்டீராய்டு. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் பிரெட்னிசோலோன் போன்ற மாத்திரையை மூன்று மாதத்துக்கு மேல் எடுப்பவர், வயது எதுவாயினும் எலும்பைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத வலிநிவாரணப் பொடிகளை வாங்கி உண்பவர்களுக்கு இந்த இடர் தெரியாமலேயே வந்து சேரலாம்.

முறிவுகள்

மணிக்கட்டு பெரும்பாலும் 50களில் முறிகிறது; முதுகெலும்பும் இடுப்பும் அதற்குப் பிறகு. முதுகெலும்பு முறிவு விழாமலேயே நேரலாம்: ஒரு குடத்தைத் தூக்கியது, குனிந்து பாயைச் சுருட்டியது போதும். இப்படி நசுங்கும் முள்ளெலும்புகளில் மூன்றில் இரண்டு பங்கு மருத்துவர் கவனத்துக்கு வருவதே இல்லை. உயரம் குறைகிறது, முதுகு வளைகிறது, விலா எலும்பு இடுப்பை நெருங்க, மூச்சும் பசியும் குறைகின்றன. வயதானால் கூன் விழத்தான் செய்யும் என்று குடும்பம் விட்டுவிடுகிறது. இளமையில் இருந்த உயரத்தில் நான்கு செ.மீ. குறைந்திருந்தால் முதுகுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அவசியம்.

இடுப்பு முறிவே மிகக் கொடியது. அதற்கு ஆளானவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறக்கிறார். பிழைத்தவர்களிலும் பலர் பிறர் துணையின்றி நடப்பதில்லை. தொடை எலும்பின் கழுத்து முறிந்தால் எண்ணெய்க் கட்டு போட்டுப் படுக்கையில் கிடத்துவது உயிரோடு விளையாடுவது. படுக்கைப் புண், நுரையீரல் அழற்சி, காலில் இரத்தம் உறைதல் ஆகியவை அந்தப் படுக்கையிலிருந்தே வருகின்றன. முடிந்தால் 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்து, விரைவில் எழுப்பி நிற்கவைப்பதே சிகிச்சை.

கண்டறிதல்

இடுப்பிலும் கீழ்முதுகிலும் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன்தான் உறுதியான சோதனை. வலியற்றது, கதிர்வீச்சும் மிகக் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த வரையறைப்படி, இளம்பெண்ணின் சராசரியோடு ஒப்பிடும் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் எலும்புப்புரை. மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் இடையில் இருந்தால் எலும்பு அடர்த்திக் குறைவு. 65 வயதான எல்லாப் பெண்களுக்கும், அதற்கு முன்பே மாதவிடாய் நின்று இடர்க் காரணங்களும் உள்ளவர்களுக்கும் இந்தச் சோதனை தேவை. இலவச முகாம்களில் குதிகாலை வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்டு கருவியின் எண்ணை மட்டும் நம்பி மருந்து தொடங்குவதோ நிம்மதி அடைவதோ தவறு. வைட்டமின் டி மிகவும் குறைந்து எலும்பு மென்மையாகும் நோயும் டெக்சாவில் இதே போலத்தான் தெரியும்; அதற்கான சிகிச்சை வேறு. ஆகவே மருந்துக்கு முன் கால்சியம், வைட்டமின் டி, தைராய்டு, சிறுநீரக இரத்தச் சோதனைகளும் வேண்டும்.

அடர்த்தியும் வலிமையும் ஒன்றல்ல என்பதற்கு நம் பக்கத்துச் சான்று ஒன்று உண்டு. குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்ததால் எலும்புகள் இறுகிப்போன மக்களைப் பற்றி, அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் பகுதியிலிருந்து 1937இல் ஷார்ட் என்பவர் தலைமையிலான மருத்துவர்கள் எழுதினார்கள். அந்த எலும்புகள் எக்ஸ்ரேயில் வெளேரென்று அடர்த்தியாகத் தெரிந்தன. இதே ஃபுளோரைடைப் பின்னாளில் எலும்புப்புரைக்கு மருந்தாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். 1990இல் வெளியான அமெரிக்க ஆய்வில் முதுகெலும்பின் அடர்த்தி 35 விழுக்காடு ஏறியும் முதுகெலும்பு முறிவுகள் குறிப்பிடும்படி குறையவில்லை. மற்ற எலும்புகளின் முறிவுகளோ கூடின. ஸ்கேன் எண்ணைவிட, ஏற்கெனவே நேர்ந்த முறிவு பெரிய எச்சரிக்கை. டி-ஸ்கோர் மைனஸ் 2 என்றாலும் இடுப்போ முதுகெலும்போ சிறு விழுகையில் முறிந்திருந்தால் அது எலும்புப்புரையே.

தடுப்பு

எலும்புச் சேமிப்பின் பெரும்பகுதி பருவ வயதில் நடக்கிறது. பூப்படைந்த பெண்ணை விளையாட்டிலிருந்து நிறுத்துவது அவள் 60 வயதின் எலும்பைக் குறைப்பது.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மி.கி. கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி., ஒரு டம்ளர் பாலில் சுமார் 240 மி.கி. உள்ளது. எள், முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி ஆகியவையும் நல்ல மூலங்கள். காலையில் கேழ்வரகுக் கூழும், நாள் முழுவதற்குமாக இரண்டு டம்ளர் பால் அல்லது மோர், தயிரும், வாரத்தில் சில நாள் கீரையும் நெத்திலியும் இருந்தால் மாத்திரைத் தேவை வெகுவாகக் குறையும். உணவில் கிடைக்காத பகுதிக்கு மட்டும் மாத்திரை போதும். ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் எடுப்பதில் பயனில்லை. வெயில் காயும் நம் ஊர்களிலும் வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே கழியும் நாள், உடலை முழுக்க மூடும் உடை, கருத்த தோல் ஆகியவை அதற்குக் காரணம்.

உடற்பயிற்சி என்றால் நடைப்பயிற்சி என்றே பலரும் எண்ணுகிறார்கள். நடை நல்லது, ஆனால் எலும்பை வளர்க்க அது போதாது. சுமை ஏறினால்தான் எலும்பு கட்டும். எடையற்ற விண்வெளியில் வீரர்கள் மாதத்துக்கு 1 விழுக்காட்டுக்கும் மேல் இடுப்பெலும்பை இழந்தது இதை உணர்த்தியது. ஆஸ்திரேலியாவில் நடந்த லிஃப்ட்மோர் ஆய்வில், எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்கள் வாரம் இருமுறை எட்டு மாதங்கள் கனமான எடை தூக்கினார்கள், பயிற்றுநர் உடனிருந்தார். அவர்களின் முதுகெலும்பு அடர்த்தி ஏறத்தாழ 3 விழுக்காடு உயர்ந்தது. எளிய பயிற்சியை வீட்டில் செய்தவர்களுக்கு 1 விழுக்காடு குறைந்தது. வயதான பெண் எடை தூக்கக் கூடாது என்ற நம்பிக்கையை இனியும் வைத்துக்கொண்டிருக்க நியாயமில்லை. முதுகெலும்பு ஏற்கெனவே நசுங்கியவர்கள் மட்டும் முன்னே வளைந்து தூக்குவதைத் தவிர்த்து, பிசியோதெரபி வல்லுநரிடம் கற்க வேண்டும். குளியலறைச் சுவரில் கைப்பிடி, இரவில் எரியும் ஒரு விளக்கு, கண்புரை அறுவை, தூக்க மாத்திரையைக் குறைத்தல் ஆகியவை விழுவதைக் குறைக்கின்றன.

மருந்துகள்

முதல் மருந்து பெரும்பாலும் பிஸ்பாஸ்போனேட். வாரம் ஒன்றாக எடுக்கும் 70 மி.கி. அலென்ட்ரோனேட் மாத்திரை மலிவானது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு முழு டம்ளர் தண்ணீருடன் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமலும் வேறெதுவும் உண்ணாமலும் இருக்க வேண்டும். இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகும், மருந்தும் உடலில் சேராது. மாத்திரை ஒவ்வாதவர்களுக்கு ஆண்டுக்கொருமுறை சோலெட்ரோனிக் அமிலம் சிரை வழியாக ஏற்றப்படுகிறது. 2007இல் வெளியான ஆய்வில் மூன்றாண்டுகளில் இது முதுகெலும்பு முறிவை 70 விழுக்காடும் இடுப்பு முறிவை 41 விழுக்காடும் குறைத்தது. தாடையெலும்பு அழுகல், தொடை எலும்பு திடீரென முறிதல் ஆகிய பக்கவிளைவுகள் அரியவை. அவற்றைக் கேள்விப்பட்டு மருந்தை நிறுத்துபவர்கள், நிறுத்துவதால் வரும் முறிவுகள் பல மடங்கு அதிகம் என்பதை அறிய வேண்டும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் முன்பே பிடுங்கிவிடுவது நல்லது. இடர் குறைந்தவர்களுக்கு மூன்று முதல் ஐந்தாண்டுகளுக்குப் பின் மருத்துவர் இடைவெளி தருவார்.

மாதவிடாய் நின்ற பத்தாண்டுகளுக்குள், 60 வயதுக்கு முன், உடல்வெப்பத் தொல்லையும் உள்ளவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சை ஏற்றது. 2002இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில் அது இடுப்பு முறிவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. மார்பகப் புற்றுநோயையும் மாரடைப்பையும் சற்றுக் கூட்டியது. அந்த ஆய்வில் பலர் 60 வயதைக் கடந்தவர்கள். மிகக் கடுமையான நோய்க்கு டெரிபராடைடு தினசரி ஊசியோ ரோமோசோசுமாப் மாத ஊசியோ புதிய எலும்பைக் கட்டுகின்றன. இவற்றின் விலை பலருக்கு எட்டாதது. இவை முடிந்ததும் பிஸ்பாஸ்போனேட் தொடராவிட்டால் கட்டிய எலும்பு கரைந்துவிடும்.

டெனோசுமாப் ஆறு மாதத்துக்கொருமுறை தோலடியில் போடும் ஊசி. நன்கு வேலை செய்கிறது, சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் பயன்படுகிறது. ஆனால் ஒரு தவணை தள்ளிப்போனாலே எலும்பு வேகமாகக் கரையத் தொடங்கி, முள்ளெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக முறியக்கூடும். எனவே பணவசதியையும் மருத்துவமனைக்கு அழைத்துப்போக ஆள் இருப்பதையும் உறுதிசெய்துகொண்ட பிறகே அதைத் தொடங்க வேண்டும். நிறுத்த நேர்ந்தால், அடுத்த ஊசிக்குரிய நாளுக்குள் மாற்று மருந்தைத் தொடங்கிவிட வேண்டும்.