காலையில் ஆபரேஷன், சாயங்காலம் வீடு: நடுவில் வரும் ராத்திரி யார் கணக்கில்?

நீளமான த்ரெட். ஒரு டீ போட்டு வச்சுக்கிட்டுப் படிங்க.

மூலம், ஹெர்னியா, பித்தப்பைக் கல். இதில் ஏதாவது ஒன்றை ஒருமுறை போனில் தேடிப் பாருங்க. அடுத்த பத்து நாளைக்கு அதே விளம்பரம்தான். காலையில் அட்மிஷன், சாயங்காலம் டிஸ்சார்ஜ், கூட்டிப் போக கார், இன்சூரன்ஸ் பேப்பரை எல்லாம் நாங்களே பார்த்துக்கிறோம். நெய்வேலி டவுன்ஷிப்பில் இருப்பவருக்கும் வருது, பக்கத்துக் கிராமத்தில் முந்திரித் தோப்பு வைத்திருப்பவருக்கும் வருது.

திட்டப் போறேன்னு நினைக்காதீங்க. மருத்துவக் கணக்கில் இது நல்ல விஷயம். ஆபரேஷன் முடிந்து சீக்கிரம் எழுந்து நடந்தால் காலில் ரத்தம் உறைவது குறையும். ஆஸ்பத்திரியில் ஒட்டிக்கொள்ளும் கிருமிகளிடமிருந்தும் தப்பிக்கலாம். கூட இருப்பவருக்கு ஒரு நாள் கூலி மிச்சம்.

ஆனால் பெட் போனதே தவிர ராத்திரி போகவில்லை. நான் சர்ஜன் இல்லை. எம்பிபிஎஸ் முடித்து இந்தப் பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில் டூட்டி பார்ப்பவன். முதுகில் ஊசி போட்டு மூல ஆபரேஷன் முடிந்து மாலை 6 மணிக்கு வீட்டுக்குப் போனவர், ராத்திரி 11 மணிக்கு அடிவயிறு கல் மாதிரி வீங்கி, சிறுநீர் இறங்காமல் ஆட்டோவில் வந்து இறங்குவது எங்கள் கேஷுவாலிட்டியில்தான். ட்யூப் போட்டால் ஐந்து நிமிடத்தில் முகம் தெளிந்துவிடும். பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை, யாருக்கு வேண்டுமானாலும் வரக்கூடியது. ஆனால் அந்த ராத்திரி ஆபரேஷன் பேக்கேஜில் இல்லை.

இந்த ராத்திரியைக் கையில் பிடித்துக்கொண்டு கதையைப் பின்னாடி இருந்து பார்க்கலாம்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். ஜேம்ஸ் நிக்கோல் என்ற குழந்தைகள் சர்ஜன் 1909இல் ஒரு கணக்கை வெளியிட்டார். பத்து வருடத்தில் புறநோயாளிகளாகவே 8,988 ஆபரேஷன்கள். அத்தனையும் ஏழைக் குழந்தைகள். கையில் தூக்கிப்போகிற குழந்தைக்கு வார்டை விட அம்மா மடியே நல்ல இடம் என்பது அவர் கட்சி. இதை எல்லோரும் சொல்வார்கள். அடுத்ததைச் சொல்ல மறந்துவிடுவார்கள்: நர்ஸ்களை அந்தக் குழந்தைகளின் வீட்டுக்கே அனுப்பினார். ஆஸ்பத்திரிப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீடு பிடித்து, பால்குடிக் குழந்தைகளை அம்மாக்களோடு தங்கவும் வைத்தார். பெட்டை எடுத்த ஆள், ராத்திரிக்கு ஆள் போட்டிருந்தார்.

அது தர்ம ஆஸ்பத்திரிக் கதை. கம்பெனிக் கதை தொடங்குவது 1970 பிப்ரவரியில், அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தில். வாலஸ் ரீட், ஜான் ஃபோர்டு என்ற இரண்டு டாக்டர்கள் 'சர்ஜிசென்டர்' என்ற ஒன்றைத் திறந்தார்கள். கவனிங்க, இருவருமே சர்ஜன் இல்லை, மயக்க மருந்து டாக்டர்கள். சின்ன ஆபரேஷனுக்கும் பெரிய ஆஸ்பத்திரி பெட் வாடகை, லேப், எக்ஸ்ரே என்று பில் ஏறுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள். நோயாளி எப்போது தெளிவாக எழுந்து நடப்பார் என்று தெரிந்தவர்களும் அவர்கள்தான்.

ரொம்ப நாள் அது ஊருக்கு ஊர் ஒன்று இரண்டாகத்தான் இருந்தது. 1982இல் அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடான மெடிகேர் இந்த மையங்களுக்குப் பணம் தரத் தொடங்கியது. அதற்குப் பிறகு கதவு திறந்துவிட்டது. இன்று அங்கே 6,000க்கு மேல் இருக்கு. இங்கிலாந்தில் 1986இல் புரோபோஃபால் வந்ததும் இன்னொரு காரணம். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் மயக்க ஊசி. ஈதர் காலத்தில் நாள் முழுக்க வாந்தி எடுத்துக் கிடந்தவர்கள், இதில் தூங்கி எழுந்த மாதிரி எழுந்து பசிக்குது என்பார்கள். லேப்ராஸ்கோப்பியும் அதே பத்தாண்டில் வந்து சேர்ந்தது.

அமெரிக்க வியாபாரத்தின் சூட்சுமம் ஒன்று உண்டு. ஆபரேஷன் செய்யும் டாக்டரே அந்த மையத்தில் பங்குதாரர். தியேட்டர் காலியாகக் கிடந்தால் நஷ்டம் அவருக்கும்தான், அதனால் தன் நோயாளிகளை அங்கேயே அழைத்து வருவார். செலவு குறைய இது ஒரு காரணம். தேவையில்லாத ஆபரேஷன் கூடுமோ என்ற சந்தேகத்துக்கும் இதுவே காரணம். பிறகு பெரிய முதலைகள் வந்தன. 1998இல் தொடங்கிய யுஎஸ்பிஐ இன்று டெனட் என்ற ஆஸ்பத்திரிக் குழுமத்தின் கையில், 500க்கு மேல் மையங்கள். இன்னொரு பெரிய நிறுவனமான எஸ்சிஏவை 2017இல் 2.3 பில்லியன் டாலருக்கு வாங்கியது யுனைடெட்ஹெல்த். அது ஒரு காப்பீட்டுக் கம்பெனி! பில் போடுபவரும் பில் கட்டுபவரும் ஒரே வீடு.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இந்தியாவில் பெட் இல்லாத ஆபரேஷனை முதலில் பெரிய அளவில் நடத்தியது எந்தக் கம்பெனியும் இல்லை. அரசாங்கம். குடும்பக் கட்டுப்பாடு.

1950களின் கடைசியிலேயே மெட்ராஸ் மாநிலம் கருத்தடை செய்துகொள்பவருக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் ஒரே மாத முகாமில் 63,000க்கு மேற்பட்ட ஆண்களுக்கு ஆபரேஷன் நடந்தது. எமர்ஜென்சியில் நடந்தது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கே தெரியும். அங்கே இலக்கு என்பது எத்தனை பேர் மேசையில் ஏறினார்கள் என்பதுதான். இறங்கிப் போனவர் ராத்திரி எப்படி இருந்தார் என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

அதன் கோரமான முடிவு 2014 நவம்பர் 8, சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே. பயன்பாட்டில் இல்லாத ஒரு தனியார் ஆஸ்பத்திரிக் கட்டடம். ஒரே சர்ஜன் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் கருத்தடை செய்தார். வீட்டுக்குப் போன பிறகு வாந்தி, வயிற்று வலி, மூச்சுத் திணறல். அந்த மாவட்டத்தில் அப்போது நடந்த முகாம்களில் குறைந்தது 13 பெண்கள் இறந்தார்கள். முகாம் முறையையே மூன்று ஆண்டுக்குள் கைவிடச் சொல்லி 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. கம்பெனிக்காரன்தான் லாப வெறியில் ராத்திரியை மறப்பான் என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

இதற்கு நேர் எதிர் உதாரணமும் நம் மாநிலத்தில்தான் இருக்கு. 1976இல் மதுரையில் 11 பெட்டோடு டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி தொடங்கிய அரவிந்த். பணி ஓய்வு பெற்ற பிறகு ஆரம்பித்தது! ஒரே தியேட்டரில் பக்கத்துப் பக்கத்து மேசைகள். சர்ஜன் ஒன்றை முடித்துத் திரும்பினால் அடுத்தவர் தயார். நம் தாத்தா பாட்டி புரை எடுத்தால் நாள் கணக்கில் அசையாமல் கிடந்து, பிறகு ஆயுள் முழுக்க சோடாபுட்டிக் கண்ணாடி போட்டார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வந்ததும் அது மாறியது. வெளிநாட்டு லென்ஸ் ஒன்று 100 டாலர் அளவில் விற்றபோது, 1992இல் தொடங்கிய ஆரோலேப் அதை 10 டாலர் பக்கம் இறக்கியது.

எனக்கு இதில் பிடித்த விஷயம் லென்ஸ் இல்லை, பாய். கண் முகாமில் இருந்து இலவச நோயாளிகளை பஸ்ஸில் கூட்டி வருவார்கள். ஆபரேஷன் ஆனதும் அன்றைக்கே ஊருக்கு விரட்டுவதில்லை. ஹாலில் வரிசையாகப் பாய், சாப்பாடு, காலையில் கட்டுப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பஸ். கட்டிலும் தனி அறையும்தான் செலவு, கண் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் ஒரு ராத்திரி அவ்வளவு செலவு இல்லை என்று அவர்கள் கண்டுபிடித்தார்கள். புதுச்சேரிக் கிளை 2003இல் தவளக்குப்பத்தில் வந்தது. இங்கிருந்து வடலூர், குறிஞ்சிப்பாடி, கடலூர் தாண்டிப் போகிற வழியிலேயே இருப்பதால் நம் பகுதிக்காரர்கள் பலருக்குப் புரை ஆபரேஷன் என்றால் அந்த ஸ்டாப்பிங்தான்.

அரவிந்த் அறக்கட்டளை. அதே கண்ணை வைத்து முதலீட்டாளர் பணத்தில் ஓடியது வாசன் ஐ கேர். திருச்சியில் மருந்துக் கடையாக இருந்த குடும்பத் தொழிலில் இருந்து 2002இல் ஏ.எம்.அருண் தொடங்கியது. டிவி விளம்பரம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். செக்கோயா வந்தது, 2012இல் சிங்கப்பூரின் ஜிஐசி வந்தது. உச்சத்தில் 150க்கு மேல் கிளைகள். 2017இல் திவால் வழக்கு. கடைசியில் 2023இல் ராஜஸ்தானில் தொடங்கிய ஏஎஸ்ஜி கையில் எடுத்தது.

ஏன் விழுந்தது? கணக்கு வழக்குச் சண்டைகளை விடுங்க, அடிப்படை மினி பஸ் ஓட்டுகிற கணக்குதான். டீசல், டிரைவர், கண்டக்டர் செலவு 5 பேர் ஏறினாலும் 50 பேர் ஏறினாலும் ஒன்று. தியேட்டரும் அப்படித்தான். மெஷின் தவணை, வாடகை, நர்ஸ் சம்பளம் எல்லாம் நிலையாக நிற்கும். அரவிந்த் முகாம் வைத்துக் கூட்டத்தைச் சேர்த்த பிறகு மேசை போட்டது. கடன் வாங்கி ஓடுபவர் மேசையைப் போட்டுவிட்டு ஆளைத் தேடுகிறார்.

ஃபீனிக்ஸ் மாடலை அப்படியே இங்கே கொண்டுவந்து பார்த்தவர்களும் உண்டு. 2009இல் பெங்களூரில் தொடங்கிய நோவா மெடிக்கல் சென்டர்ஸ். கோல்ட்மேன் சாக்ஸ் வரை பணம் போட்டது. சென்னை உட்பட எட்டு நகரங்களில் 11 மையங்கள் வைத்திருந்தபோது, 2015 ஜனவரியில் அந்த ஆபரேஷன் தொழிலை மொத்தமாக அப்பல்லோவுக்கு விற்றார்கள். இன்றைய அப்பல்லோ ஸ்பெக்ட்ரா அதுதான்.

என் கணிப்பைச் சொல்றேன். அமெரிக்காவில் இந்த மையத்துக்குப் போட்டி, பில் எகிறும் பெரிய ஆஸ்பத்திரி. இங்கே போட்டி, அடுத்த தெருவில் கணவன் மனைவி இருவரும் டாக்டராக இருந்து மாடியில் குடியிருந்துகொண்டே நடத்தும் பத்து பெட் நர்சிங் ஹோம். அங்கே பெட் வாடகை ஏற்கெனவே குறைவு. பெட்டை எடுத்து என்ன பெரிதாக மிச்சம் பிடிக்க முடியும்? நல்ல சர்ஜனுக்குச் சொந்த தியேட்டரே இருக்கு. போதாக்குறைக்கு நம் மக்கள், 'ஒரு நாள் வச்சுப் பார்த்து அனுப்புங்க டாக்டர்' என்பார்கள்.

அதைப் புரிந்துகொண்டுதான் அடுத்த தலைமுறை வந்தது. 2018இல் குருகிராமில் ஆரம்பித்த பிரிஸ்டின் கேர் பெரும்பாலும் சொந்தமாகத் தியேட்டர் கட்டவில்லை. மதியத்தில் சும்மா கிடக்கும் மற்றவர்களின் தியேட்டரை எடுத்துக்கொண்டு, நோயாளியைப் பிடிப்பது, இன்சூரன்ஸ், கார் ஆகியவற்றைத் தன் வேலையாக வைத்துக்கொண்டது. மூன்றே வருடத்தில், 2021 டிசம்பரில், அதன் மதிப்பு 1.4 பில்லியன் டாலர். கண் தொழிலும் அழியவில்லை. 1957இல் சென்னையில் தொடங்கிய டாக்டர் அகர்வால்ஸ் 2025 ஜனவரியில் சுமார் 3,000 கோடி ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. புரைக்கு பெட் வேண்டாம், எல்லோருக்கும் ஒரே ஆபரேஷன், வயசானால் வரத்தான் போகுது. இதைவிட முதலீட்டாளருக்கு என்ன வேண்டும்?

நடுவில் இன்சூரன்ஸ் செய்த கூத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1986இல் மெடிக்ளைம் வந்தபோது 24 மணி நேரம் பெட்டில் இருந்தால்தான் பணம், சில ஆபரேஷன்களுக்கு மட்டும் விலக்கு. மருத்துவம் முன்னேறி 6 மணி நேரத்தில் அனுப்ப முடிந்தபோதும், கிளைமுக்காகவே ஒரு ராத்திரி படுக்க வைத்த கதை ஊரெல்லாம் உண்டு. 2013இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் பொது வரையறை கொடுத்தது. ஆஸ்பத்திரி என்றால் 10 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் குறைந்தது 10 பெட், மற்ற இடத்தில் 15. டே கேர் மையத்துக்கு பெட் எண்ணிக்கையே கிடையாது. டாக்டர், நர்ஸ், முழு வசதியுள்ள தியேட்டர், பதிவேடு இருந்தால் போதும். நியாயமான வரையறைதான். ஆனால் டிஸ்சார்ஜுக்குப் பிறகான முதல் 24 மணி நேரம் யார் பொறுப்பு என்று அதில் ஒரு வரி இல்லை.

நெய்வேலியில் 'கம்பெனி நடத்தும் ஆஸ்பத்திரி' என்றால் வேறு அர்த்தம் உண்டு. 1956இல் என்எல்சி வந்தபோது வீடு, பள்ளிக்கூடம் மாதிரி ஆஸ்பத்திரியையும் டவுன்ஷிப்போடு சேர்த்துக் கட்டியது. அங்கே நிரந்தர ஊழியர் இரண்டு நாள் கூடுதலாகப் படுத்தால் யாரும் நஷ்டக் கணக்கு பார்ப்பதில்லை. அவர் குணமாகிச் சுரங்கத்துக்குத் திரும்புவதுதான் கம்பெனிக்கு லாபம். டவுன்ஷிப் ஆர்ச்சுக்கு வெளியே இருப்பவருக்கு அப்படி ஒரு கம்பெனி இல்லை. அவருக்கு விளம்பரம், கார், சாயங்கால டிஸ்சார்ஜ், ராத்திரிக்கு 108.

அதனால் ஒரு வேண்டுகோள். டே கேர் ஆபரேஷனுக்குப் போங்க, பயப்படாதீங்க. கையெழுத்துப் போடும் முன் ராத்திரி போன் செய்தால் எடுப்பது டாக்டரா, கால் சென்டரா என்று கேளுங்க. திரும்ப வரவேண்டி வந்தால் எந்த ஆஸ்பத்திரி, அந்தச் செலவு பேக்கேஜில் சேர்த்தியா என்று எழுதி வாங்குங்க. வீடு ஒரு மணி நேரத்துக்கு மேல் தூரம் என்றால், அன்று இரவு மட்டும் அந்த ஊரிலேயே சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கோங்க. சிறுநீர் கழிக்காமல் அங்கிருந்து கிளம்பாதீங்க.

எங்களிடம்தான் வரவேண்டி வந்தால் தாராளமா வாங்க, பார்ப்போம். டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் மறக்காமல் எடுத்துட்டு வாங்க. என்ன மயக்க மருந்து, எத்தனை மணிக்கு, உள்ளே என்ன செய்தார்கள் என்று ராத்திரி 11 மணிக்கு அந்த ஒரு தாள்தான் எங்களுக்குச் சொல்லும்.