நாளை என்பது எந்த நாள்?

தெலுக் இந்தான் நகரின் நடுவே நிற்கும் சாய்ந்த கோபுரம் 1885ஆம் ஆண்டில் லியோங் சூன் சோங் என்னும் கட்டட ஒப்பந்தக்காரரால் எழுப்பப்பட்டது. அந்நாளில் தெலுக் ஆன்சன் எனப் பெயர் பெற்றிருந்த அவ்வூருக்கு நீர் சேமிக்கவும் மணி காட்டவும் அது பயன்பட்டது. பொதுக் கடிகாரம் ஒன்று ஊருக்கு வந்த பின், காலை, இரவு, நாளை என்னும் சொற்களுக்குப் பேசுவோரின் அளவு ஒன்று, கடிகாரத்தின் அளவு ஒன்று என இரண்டு அளவுகள் அமைந்துவிடுகின்றன. இன்று மூன்றாவதாகக் கைப்பேசியின் நினைவூட்டுச் செயலி வந்து சேர்ந்துள்ளது. ‘நாளை காலை மருந்து வாங்க வேண்டும்’ என்று நாம் சொன்னால், அது ஒரு தேதியையும் மணியையும் தானே குறித்துக்கொள்கிறது. அது குறித்த தேதியும் நாம் கருதிய தேதியும் ஒன்றா என்பது கணினியியல் வினா மட்டுமன்று. மொழியியல் வினாவும் ஆகும்.

தமிழ் இலக்கணம் இவ்வினாவுக்குத் தேவையான கருவியை நெடுங்காலத்துக்கு முன்பே தந்துள்ளது. இன்று, அன்று, என்று ஆகிய மூன்று சொற்களும் முதலெழுத்தால் மட்டுமே வேறுபடுகின்றன. இகரம் அண்மைச் சுட்டு; அகரம் சேய்மைச் சுட்டு; எகரம் வினா. சுட்டுச் சொல்லுக்குத் தனித்து நிற்கும் பொருள் இல்லை. சொல்பவர் யார், சொன்ன பொழுது எது, சொன்ன இடம் எது என்பன தெரிந்தால்தான் பொருள் முடிவுபெறும். நேற்று, நாளை என்பவற்றில் சுட்டெழுத்து இல்லையெனினும், அவையும் ‘இன்று’ என்பதை நிலைக்களனாகக் கொண்டே பொருள் தருகின்றன. ‘மறுநாள்’ அவ்வாறன்று. ‘திருமணத்துக்கு மறுநாள்’ என்னும்போது நிலைக்களன் திருமணமே. பேசும் நாள் அன்று. ஆகவே மறுநாளையும் நாளையையும் ஒன்றாகக் கொள்ளும் செயலி தொடக்கத்திலேயே தவறும்.

நெடுங்காலம் நிலைக்க வேண்டிய செய்திகளை எழுதும்போது நம் முன்னோர் பேச்சின் சுட்டுச் சொற்களை நம்பியிருக்கவில்லை. சோழர், பாண்டியர் கல்வெட்டுகள் பலவற்றில் மன்னனின் ஆட்சியாண்டு, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியவற்றுள் பல ஒருங்கே பொறிக்கப்பட்டுள்ளன. ஒன்றில் ஐயம் எழுந்தால் மற்றொன்று அதனைத் தெளிவிக்கும். பாண்டியர் கல்வெட்டுகளில் ‘நான்காவதின் எதிர் ஒன்பதாம் ஆண்டு’ என்பது போன்ற அமைப்பையும் காண்கிறோம். அறிஞர் இரண்டையும் கூட்டிப் பதின்மூன்றாம் ஆட்சியாண்டு எனக் கொள்வர். நிலையான புள்ளி ஒன்று, அதிலிருந்து எண்ணும் தொலைவு ஒன்று என்பதே இம்முறை. இத்தகைய குறிப்புகள் இருந்தமையால்தான் எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் வெளியிட்ட ‘இந்தியன் எபிமெரிஸ்’ அட்டவணைகளைக் கொண்டு கல்வெட்டு நாள்களை ஆங்கிலத் தேதிகளாக மாற்ற இயலுகிறது.

அன்றாடப் பேச்சின் நிலை வேறு. அங்கே நாளின் எல்லையே இரண்டு. பஞ்சாங்கத்தில் ஒரு கிழமை சூரிய உதயத்தில் தொடங்கி, அறுபது நாழிகை கடந்து, அடுத்த உதயத்தில் முடிகிறது. கடிகார நாளோ நள்ளிரவில் மாறுகிறது. திங்கள் இரவு நெடுநேரம் விழித்திருக்கும் மாணவர், செவ்வாய் பிறந்து அரை மணி கழிந்தபின் ‘நாளை காலை ஆறு மணிக்கு எழுப்பு’ என்று சொன்னால், அவர் கருதுவது உறங்கி எழப்போகும் செவ்வாய்க் காலையே. கணக்கு மட்டும் அறிந்த செயலி புதன் காலையைக் குறிக்கும். தேர்வு செவ்வாய்க்கிழமை எனில் இழப்பு யாருக்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பொழுதைக் குறிக்கும் சொற்களும் இடம் சார்ந்தவை. மலாய்க் கூட்டு மாநிலங்கள் 1901இல் சிங்கப்பூர் நேரத்தை ஏற்றன. 1905இல் கிரீன்விச்சுக்கு ஏழு மணி நேரம் முந்தியதாகவும், 1933இல் இருபது நிமிடம் கூட்டியும், 1941இல் மேலும் பத்து நிமிடம் கூட்டியும் கடிகாரம் திருத்தப்பட்டது. ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரம் நடைமுறைக்கு வந்து, 1945இல் பழைய நேரம் மீண்டது. 1982 சனவரி முதல் நாளிலிருந்து எட்டு மணி நேரக் கணக்கு நிலவுகிறது. தெலுக் ஆன்சன் தெலுக் இந்தான் ஆனதும் அதே ஆண்டில்தான். இவ்வூரின் நெடுங்கோட்டின்படி இயற்கை நேரம் ஏறத்தாழ ஆறு மணி நாற்பத்து நான்கு நிமிடமே முந்தியது. எனவே இங்குச் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அன்று, ஏறத்தாழ 1.15க்கு. உதயம் ஏழு மணி முதல் ஏழரை மணிக்குள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று பால்மரம் வெட்டச் சென்ற தோட்டத் தலைமுறையின் ‘விடியற்காலை’யும் சென்னையில் வாழ்பவரின் ‘விடியற்காலை’யும் கடிகாரத்தில் ஒரே எண்ணாக இருக்க இயலாது.

வாரத்துக்கும் இது பொருந்தும். யூனிகோட் கூட்டமைப்பின் வட்டாரத் தரவுத் தொகுப்பில் இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வாரத்தின் முதல் நாள் ஞாயிறு. மலேசியாவுக்கும் இலங்கைக்கும் திங்கள். ஞாயிறன்று ஒருவர் ‘அடுத்த வாரம் திங்கட்கிழமை’ என்றால், மலேசியக் கணக்கில் அது மறுநாளே. இந்தியக் கணக்கில் எட்டு நாள் கழித்து. பேராக்கில் வாழ்ந்தும் கைப்பேசியில் ‘தமிழ் – இந்தியா’ என்னும் அமைப்பை வைத்திருப்பவருக்கு இவ்வேறுபாடு புலப்படாமலே நேரும். ‘வார இறுதி’ என்பது பேராக்கில் சனி, ஞாயிறு. கெடாவில் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் அது வெள்ளி, சனி. இரு மாநிலத் தமிழரும் பேசுவது ஒரே தமிழ்.

சொற்களுக்கு உள்ளேயும் இடர்கள் உண்டு. நாளை மறுநாள், நாளைக் கழித்து, யாழ்ப்பாண வழக்கின் நாளையிண்டைக்கு ஆகிய மூன்றும் ஒரே நாளையே குறிக்கும். முதற்பகுதியை மட்டும் பற்றிக்கொள்ளும் செயலி மூன்றையும் ‘நாளை’ என்றே கொள்ளும். ‘வருகிற வெள்ளி’ என்பதில் ஐயமில்லை. ‘அடுத்த வெள்ளி’யில் உண்டு. அடுத்தல் என்பதற்கு நெருங்குதல் என்பதே பொருளாதலின், சொல்லின் பிறப்பு அண்மை வெள்ளியையே காட்டுகிறது. ஆயினும் ‘இந்த வெள்ளி’, ‘வருகிற வெள்ளி’ ஆகியவை அண்மை நாளை எடுத்துக்கொள்வதால், ‘அடுத்த வெள்ளி’ அதற்கப்பாலுள்ள வெள்ளியைக் குறிக்கும் வழக்கும் நிலவுகிறது. இரண்டும் தமிழே. எண்ணும் முறையிலும் கருத்து வேண்டும். பதினாறாம் நாள் காரியத்தை எண்ணும்போது இறந்த நாளே முதல் நாள். ஆகவே முதல் தேதிக்குப் பதினாறாம் நாள் 16ஆம் தேதி. ‘பதினைந்து நாள் கழித்து’ என்றாலும் அதே தேதிதான். பதினாறைக் கூட்டும் செயலி உறவினரை ஒரு நாள் பிந்தி அனுப்பிவிடும். ‘வெள்ளிக்கு முன்’ என்பதில் வெள்ளி அடங்காது. ‘வெள்ளி வரை’ என்பதில் அடங்கும். ‘வெள்ளிக்குள்’ எனப் புலனத்தில் ஆசிரியர் அறிவிக்கும்போது, மாணவர் வெள்ளி நள்ளிரவையும் ஆசிரியர் பள்ளி முடியும் மணியையும் கருதலாம்.

இவற்றிலிருந்து மூன்று நெறிகளை நாம் முன்வைக்கிறோம். முதலாவது, செயலி சொற்றொடரோடு அது சொல்லப்பட்ட பொழுதையும் இடத்தையும் சேர்த்துக் காக்க வேண்டும். இரண்டாவது, பொருள் ஒன்றேயாயின் தேதியைக் கிழமையோடு எழுதிக் காட்ட வேண்டும். இரண்டாயின் தானே முடிவு செய்யாமல் கேட்க வேண்டும். நள்ளிரவுக்குப் பின் வரும் ‘நாளை’யும் ‘அடுத்த வெள்ளி’யும் கேட்க வேண்டிய இடங்கள். மூன்றாவது, விதிகளை ஆங்கிலத்திலிருந்து பெயர்த்து வைக்காமல் தமிழ் வழக்கிலிருந்தே எழுத வேண்டும்.

மூன்றாவது நெறி ஆசிரியரையும் மாணவரையும் சார்ந்தது. வழக்கு ஆவணமாகாவிட்டால், மென்பொருள் எழுதுவோர் தம் கைக்கு எட்டிய மொழிபெயர்ப்பையே விதியாக்குவர். அடுத்த தலைமுறை அவ்விதியையே தமிழ் எனக் கற்கும். ஒரு வகுப்பு மாணவர் தத்தம் வீட்டில் பாட்டி, தந்தை, அண்ணன் ஆகிய மூவரிடம் ‘புதன்கிழமையன்று அடுத்த வெள்ளி என்றால் எந்தத் தேதி?’ என்று கேட்டு, விடையோடு அவர்தம் அகவையையும் ஊரையும் குறித்துவரலாம். கீழ்ப்பேராக்கின் பள்ளிகள் சில இதனைச் செய்தாலே, இதுவரை எவரும் கையில் வைத்துப் பார்க்கக்கூடிய வழக்குப் பட்டியல் ஒன்று நமக்குக் கிட்டும். அதுவரையில், பள்ளி அறிவிப்புகளில் ‘அடுத்த வெள்ளி’ என்பதன் பக்கத்தில் தேதியையும் எழுதிவருவோம்.