கல்லும் கள்ளியும் நாட்டிய எல்லை

மலைப்பாதைகளுக்கென்றே செய்யப்பட்ட, தடித்த சக்கரங்களும் பல்லடுக்குப் பற்சக்கரங்களும் கொண்ட மிதிவண்டிகள் நான்கினைப் புதுச்சேரியில் வாடகைக்கு எடுத்தோம். உடன்வர மறுத்த நண்பர் ஒருவர், “கடலும் கடற்கரைச் சாலையும் உள்ள ஊரில் மலைவண்டி எதற்கு?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நேர்கோட்டுத் தெருக்களால் ஆன அந்நகரம் பலகை போலத் தட்டையானது. ஆனால் நகரின் வடமேற்கே உள்ள ஓர் ஊரின் பெயர் கோரிமேடு. மேடு என்ற சொல்லை நம் முன்னோர் காரணமின்றி வைப்பதில்லை.

இவ்வகை வண்டிகளின் கதை பெரும்பாலும் 1970களின் கலிபோர்னியாவில், மாரின் மாவட்டத்துத் தமல்பையஸ் மலையில், பழைய வண்டிகளைப் பழுதுபார்த்துச் சரிவில் பாய்ந்த இளைஞர்களிடமிருந்து தொடங்கிச் சொல்லப்படுகிறது. அதற்கும் இருபதாண்டுகளுக்கு முன்பே, 1951இல், பாரிசுக்கு அருகே சில இளைஞர்கள் தம் மிதிவண்டிகளைக் கரடுமுரடான காட்டுத் தடங்களுக்கு ஏற்ப மாற்றியமைத்து ஓட்டியிருக்கிறார்கள். அவ்வாண்டில் புதுச்சேரியும் பாரிசின் ஆட்சியில்தான் இருந்தது. எங்கள் பயணத்துக்கு இதைவிடப் பெரிய பொருத்தம் தேவைப்படவில்லை.

இரண்டு நாள்கள். முதல் நாள் வடக்கிலும் மேற்கிலும் ஒரு சுற்று. மறுநாள் தெற்கே பாகூர். வரைபடத்தில் சிதறிய சில்லுகளாகத் தெரியும் புதுச்சேரியின் எல்லைகளை நிலத்தில் பார்த்துவிட வேண்டும் என்பதே நோக்கம்.

* * *

கோரிமேட்டில் தொடங்கும் ஏற்றம் ஆரோவில் வரை செம்மண் மேடாக நீள்கிறது. அதன் உச்சி கடல்மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டர் அளவே. மகிழுந்தில் செல்பவர் அதை அறிவதேயில்லை. மிதிப்பவரின் முழங்கால் அறியும். சரளையும் செம்மணலும் கலந்த தடங்கள், முந்திரித் தோப்புகள், ஒற்றைப் பனைகள், சவுக்கை. சட்டென்று தடம் ஆழமான ஓடைக்குள் இறங்கும். மறுகரையில் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் ஏறவேண்டும்.

இந்த ஓடைகள் மழை வெட்டியவை. மேட்டின் மரங்கள் அழிந்தபின், ஒவ்வொரு பருவமழையும் மேல்மண்ணை அரித்துக் கடலுக்குக் கொண்டுசென்றது. 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டபோது இம்மேடு ஏறக்குறைய மொட்டையாக இருந்தது. வந்தவர்கள் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, நீர் ஓடிவிடாதபடி வரப்புகள் கட்டி மரம் நட்டது. இன்று அவ்வரப்புகள் மிதிவண்டிக்காரருக்குச் சிறு சிறு குன்றுகள். ஒவ்வொரு வரப்பின்மீதும் ஏறி இறங்கும்போது, ஓடவிருந்த மழைநீர் ஒன்றை யாரோ இங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்ற எண்ணம் எங்களுக்கு வந்துகொண்டே இருந்தது.

வானூர் கடந்து மேற்கே சென்றால் சங்கராபரணி ஆற்றங்கரையில் திருவக்கரை. செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறந்து வரும் இவ்வாற்றுக்குச் செஞ்சியாறு, வராக நதி என்றும் பெயருண்டு. செம்பியன் மாதேவியார் கற்றளியாக்கிய சந்திரமௌலீசுவரர் கோயிலும் வக்கிரகாளியும் ஊரை அறியச் செய்தவை. அவ்வூரிலேயே இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் கல்மரப் பூங்கா இருக்கிறது. ஏறத்தாழ இருநூறு மரங்கள், இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை, மரமாகவே இருந்து கல்லாகிப் படுத்திருக்கின்றன. ஆண்டு வளையங்களும் கணுக்களும் தெரிகின்றன. விரலால் தட்டினால் கல்லின் ஓசை. கிளையும் வேரும் இல்லாமல் அடிமரங்கள் மட்டுமே கிடப்பதால், பெருவெள்ளம் வேறெங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்தது என்கிறார்கள் அறிஞர்கள். இதை 1781இல் முதலில் எழுதி வைத்தவர் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர். ஊர்க்காரர்கள் அதற்கு முன்பே இக்கற்களைப் பார்த்திருப்பார்கள், எழுதி வைக்கவில்லை.

* * *

திருவக்கரையிலிருந்து தெற்கே திருக்கனூர்ப் பக்கம் இறங்கியதும் எல்லை விளையாட்டு தொடங்கியது. தமிழ்நாடு, புதுச்சேரி, தமிழ்நாடு, மீண்டும் புதுச்சேரி. ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை கடந்தோம் என்று எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டோம். அடையாளம் மதுக்கடையும் பெட்ரோல் நிலையமும்தான். அவை நெருங்கி வந்தால் புதுச்சேரி வந்துவிட்டது என்று பொருள். கரும்பும் நெல்லும் இரு பக்கமும் ஒன்றே. மண்ணின் நிறமும் ஒன்றே.

ஒரு தேநீர்க்கடையில் அமர்ந்து, இது எந்த மாநிலம் என்று கேட்டோம். எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் சிரித்தார். “கடை பாண்டி தம்பி. நீங்க குந்தியிருக்கிற பெஞ்சு தமிழ்நாடு.” பிறகு அவரே சொன்னார்: “எங்க அப்பாரு சைக்கிள்ல பின்னாடி மூட்டையக் கட்டிக்கினு போனா, சாவடியில அவுத்துக் காட்டாம வுடமாட்டாங்க. அத்தை வூட்டுக்குப் போறதுக்கே அப்படி.”

அவர் சொன்ன சாவடியின் வரலாறு காகிதத்தில் இருக்கிறது. 1674இல் பிரான்சுவா மார்த்தேன் காலூன்றியபோது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது ஒரு கடற்கரைச் சிற்றூர். உள்நாட்டு ஊர்கள், நவாபுகளின் போட்டிகளில் துணை நின்றதற்குக் கைம்மாறாக, ஊர் ஊராக, வருவாய்க் கணக்கில் கிடைத்தவை. கேட்டது நிலத்தொடர்ச்சியை அன்று, வரும்படியை. பிறகு ஆங்கிலேயர் 1761, 1778, 1793, 1803 என்று நான்கு முறை பிடிப்பதும் உடன்படிக்கையில் திருப்பித் தருவதுமாக நடந்தது. 1783ஆம் ஆண்டு வெர்சாய் உடன்படிக்கையில், வில்லியனூரையும் பாகூரையும் பிரெஞ்சுக்காரருக்குப் பெற்றுத் தருவதாக இங்கிலாந்து மன்னர் ஒப்புக்கொண்ட விதியும் உண்டு. இவ்வூர்களைக் கண்ணால் கண்டிராதவர்கள் வெர்சாயில் பேசி முடித்தார்கள். 1816இல் இறுதியாகத் திரும்பியபோது பிரெஞ்சுக்காரருக்கு எஞ்சியது, இடையிடையே ஆங்கிலேயர் ஊர்கள் புகுந்து கிடந்த ஒரு கிழிந்த விரிப்பு.

ஆண்டவர்கள் இருவரும் அயலார் என்றவரை மக்களுக்கு இது பெருந்துன்பமாகத் தெரியவில்லை போலும். 1941இல் இரு அரசுகளும் சுங்க ஒப்பந்தமும் செய்திருந்தன. விடுதலை பெற்ற இந்தியா 1949இல் அதை முடித்துக்கொண்டதும் ஒவ்வொரு சில்லைச் சுற்றிலும் சாவடிகள் எழுந்தன. 1954இல் கட்டுப்பாடுகள் மேலும் இறுகின. அத்தை வீட்டுக்குப் போகும் வழி வெளிநாட்டுப் பயணமானது அப்போதுதான்.

* * *

விழுப்புரம் சாலையில் திருபுவனை. சோழர் காலத்தில் திரிபுவன மகாதேவிச் சதுர்வேதிமங்கலம். முதற்பராந்தகன் காலத்துப் பெருமாள் கோயிலின் அடித்தளத்துச் சிறு சிற்பங்களை, குனிந்தும் மண்டியிட்டும், வெயில் சாயும்வரை பார்த்தோம். இக்கோயிலின் கல்வெட்டொன்று முதலாம் இராசாதிராசனின் முப்பதாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 1048. இருநூற்று அறுபது மாணவர்களும் பன்னிரண்டு ஆசிரியர்களும் கொண்ட ஒரு கல்லூரிக்கான அறக்கட்டளையை அது கூறுகிறது. வடமேற்கே எண்ணாயிரத்தில், இராசேந்திரன் காலத்தில், முந்நூற்று நாற்பது மாணவர்கள். அருகிலுள்ள மதகடிப்பட்டில் முதலாம் இராசராசன் காலத்துக் குண்டாங்குழி மகாதேவர் கோயில். இன்று திருபுவனையும் மதகடிப்பட்டும் புதுச்சேரியில்; எண்ணாயிரம் தமிழ்நாட்டில். அன்றைய மாணவனுக்கு இவையெல்லாம் ஒரே நாட்டின் அடுத்தடுத்த ஊர்கள்.

முதன்மைச் சாலையை விட்டு விலகி வயல்தடங்களில் சென்றால் கீழூர். 1954 அக்டோபர் 18 அன்று இங்கேதான் அந்த வாக்கெடுப்பு நடந்தது. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகளும் நகரசபை உறுப்பினர்களுமாக 178 பேர் வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர். எதிர்த்து 8 பேர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்குப் பின், 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான மாற்றம் நிறைவுற்றது. ஆண்டுதோறும் அந்நாளில் இங்கு விழா நடக்கும். நாங்கள் சென்றபோது நினைவிடத்தின் அருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவன் ஒருவனே இருந்தான். எங்கள் வண்டிகளின் பற்சக்கரங்களை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனான்.

அந்த வாக்கெடுப்பு ஆட்சியை மாற்றியது, எல்லையை மாற்றவில்லை. 1783இல் பேசப்பட்ட ஊர்ப்பட்டியல்தான் பெருமளவில் இன்றைய ஒன்றியப் பகுதியின் வரைபடமாகத் தொடர்கிறது. இருட்டும் வேளையில் வில்லியனூர் வந்து சேர்ந்தோம். திருக்காமீசுவரர் தேரின் வடத்தைப் பிரெஞ்சு ஆளுநர் பிடித்துத் தொடங்கிவைத்த வழக்கமும் அப்படித்தான் தொடர்கிறது. இன்று பிடிப்பவர் துணைநிலை ஆளுநர்.

* * *

மறுநாள் பாகூர். இவ்வழி ஏற்றமில்லாதது. கால்கள் எங்களுக்கு நன்றி சொல்லின. 1752 செப்டம்பரில் ஆங்கிலேயத் தளபதி லாரன்சு, துய்ப்ளேக்சின் மருகர் கெர்ழானை இவ்வூர் அருகே வென்று சிறைபிடித்தார். போர் நடந்த இடமென்று காட்ட ஒன்றுமில்லை. பரந்த ஏரியும் அதன் நீரில் விளைந்த பச்சையுமே கண்ணை நிறைக்கின்றன.

ஏரிக்கரைமீது மிதித்துச் செல்கையில்தான் இப்பயணத்தின் விடை எங்களுக்குக் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், பாகூரின் வித்தியாஸ்தானம் என்னும் கல்லூரிக்கு மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்டன. அதைக் கூறும் பாகூர்ச் செப்பேடு வடமொழியும் தமிழும் கொண்டது. பல்லவ, சோழர் செப்பேடுகளைப் படித்தவர்கள் ஒரு வழக்கத்தை அறிவார்கள். கொடை நிலத்தின் எல்லையை நாட்டார் கூடி, வலம்வந்து, கல்லும் கள்ளியும் நட்டுக் குறிப்பார்கள். சில சமயம் பெண்யானை ஒன்றை முன்னே நடத்தி, அது நடந்த வழியே எல்லையாகும். பிறகுதான் ஓலையில் எழுத்து. எந்த ஏரிக்குக் கிழக்கு, எந்த வாய்க்காலுக்கு வடக்கு என்று, நீரைக்கொண்டே நிலத்தைச் சொல்வார்கள்.

அந்த எல்லையைக் காலால் நடந்தார்கள். வெர்சாயின் எல்லையை யாரும் நடக்கவில்லை. இரண்டு நாள் மிதித்த எங்கள் கால்கள் அறிந்தவை மேடும் ஓடையும் ஏரிக்கரையும் மட்டுமே. மாநில எல்லை ஒன்றைக்கூட அவை உணரவில்லை. பாகூர் ஏரிக்கு நீர் வருவதும் தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து, பங்காரு வாய்க்கால் வழியாக. அணைக்கட்டு தமிழ்நாட்டில், ஏரி புதுச்சேரியில். பங்காரி, சிங்காரி என்ற இரு தாசிகள் தம் செல்வத்தால் வெட்டிய வாய்க்கால்கள் என்பது ஊர்வழக்கு. புதுச்சேரிக்கு மேற்கே ஊசுட்டேரியோ நீர்ப்பரப்பின் நடுவிலேயே பிளவுபட்டது. 2008இல் புதுச்சேரியும் 2014இல் தமிழ்நாடும் தத்தம் பாதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன. ஆறு ஆண்டுகள் அவ்வேரிப் பறவைகள் ஒரு பாதியில் மட்டும் காக்கப்பட்டவையாக இருந்தன!

* * *

திரும்பும் வழியில், நெல்வயல்களுக்கு நடுவே, வரிசையாக நட்ட சிறு கற்களைக் கண்டோம். மஞ்சள் தலையும் எண்ணும் கொண்ட மனைக்கற்கள். முதல் நாள் செம்மண் மேட்டிலும் அவற்றைப் பார்த்திருந்தோம். ஓர் இடத்தில் அவற்றின் பொருட்டு ஓடையொன்றைத் தூர்த்துச் சமமாக்கியிருந்தார்கள். கல் நாட்டும் வழக்கம் மறையவில்லை. கள்ளியும் நாட்டாரும்தான் இல்லை. இது நடந்து பார்த்த எல்லையா, காகிதத்திலிருந்து இறங்கிய எல்லையா என்பதை அடுத்த பெருமழை சொல்லிவிடும். நீருக்கு உடன்படிக்கைகள் தெரியாது.

வீடு கட்டுவோரைக் குறைசொல்வது எங்கள் நோக்கமன்று. நாங்களும் அப்படியொரு காலத்து வயலின்மேல் வாழ்பவர்களே. ஆனால் மேடும் ஓடையும் தூர்ந்துவிட்டால், திருபுவனைக் கல்வெட்டையும் பாகூர்ச் செப்பேட்டையும் நூலகத்தில் படிக்கலாமே தவிர, அவை பேசும் நிலத்தைப் படிக்க இயலாது. வாசகர்கள் ஒருமுறை இவ்வழியே வாருங்கள். மலைவண்டிதான் வேண்டுமென்பதில்லை; வீட்டிலிருக்கும் பழைய வண்டியே போதும்.

வண்டிகளைத் திருப்பித் தந்த மாலையில் அந்த நண்பர் மீண்டும் கேட்டார்: “மலை இருந்ததா?” ஐம்பது மீட்டர் இருந்தது என்றோம்.